வணக்கமும் வரிசையும்: தற்காப்புக்கலைக் கூடத்தின் ஒழுகலாறு

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள் மாலை, அஸர்த் தொழுகை முடிந்த நேரம், தமிழ்த்துறை அறைக்கு இருவர் வந்தனர். ஒருவர் ஊர் ஜமாஅத்தில் அனைவரும் மதிக்கும் ஹாஜியார். அவருடைய பேரன் நம் துறையில் இரண்டாமாண்டு பயில்கிறான். மற்றவர் மாலை வேளைகளில் மாணவர்களுக்குக் கராத்தே கற்பிக்கும் மாஸ்டர். இருவர் முகத்திலும் வாட்டம் இருந்தது, சினம் இல்லை.

"பேராசிரியர் தம்பி, பிள்ளை உடம்பை வளர்க்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதனுக்கு மனிதன் குனிவதா? சுவரில் மாட்டிய படத்துக்கும் குனிகிறார்களாமே! வணக்கம் என்பது அல்லாஹ் ஒருவனுக்கு அல்லவா?" என்றார் ஹாஜியார். மாஸ்டரோ, "ஐயா, வணக்கம் செய்யத் தெரியாதவனுக்கு நான் அடியைக் கற்றுக்கொடுக்க முடியாது. கொடுத்தால் அந்த அடி தெருவுக்குப் போய்விடும்" என்றார்.

இருவர் சொன்னதும் எனக்கு உண்மையாகவே பட்டது. இருவரும் 'வணக்கம்' என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் சொன்ன பொருளை மற்றவர் கேட்கவில்லை. இடையில் அந்தப் பையனின் பயிற்சி நின்றுபோயிருந்தது. அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாப் பெருமக்களின் உரிமை. அத்தகுதி எனக்கு இல்லை. ஒரு மொழியாசிரியன் தன் எல்லைக்குள் நின்று, சொல்லையும் செயலையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி இது என்று கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

வணக்கம் என்னும் சொல்

வணங்குதல் என்பதற்கு அடிப்படைப் பொருள் வளைதல். யாழின் வளைந்த தண்டைச் சங்கப் புலவர்கள் 'வணர்கோடு' என்றனர். வளைவு என்னும் இப்பருப்பொருளிலிருந்தே உடல் வளைத்து மரியாதை செய்தல், பின்னர் இறைவனை வழிபடுதல் என்னும் பொருள்கள் கிளைத்தன. திருவள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்தில் வில் வளைவதையும் வணக்கம் என்ற சொல்லாலேயே குறிக்கிறார். வில் வளைவது பிறருக்குத் தீங்கு செய்வதற்கே. ஆதலால் பகைவரின் பணிவான சொல்லையும் நம்பலாகாது என்பது அவர் கருத்து. அடுத்த குறளில் இன்னும் ஒரு படி மேலே சென்று, பகைவர் தொழுத கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கும் என எச்சரிக்கிறார். உடல் வளைவு வேறு, உள்ளத்தின் பணிவு வேறு என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை. தற்காப்புக்கலை பயில்வோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய குறள்கள் இவை.

தமிழ் முஸ்லிம்கள் இச்சொல்லைக் கையாண்ட முறை தனித்தன்மை உடையது. அரபியில் 'இபாதத்' எனப்படும் இறைவழிபாட்டுக்கு 'வணக்கம்' என்பதையே நேர்ச்சொல்லாக்கினர். அன்று முதல் நம்மவர் வழக்கில் அச்சொல் இறைவனுக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கிச் செறிவு பெற்றது. முகமனுக்கு ஸலாம் வந்தது. 'தொழுகை'யும் இத்தகையதே. பழந்தமிழில் தொழுதல் என்றால் கைகூப்புதல். ஆனால் நம் ஐவேளைத் தொழுகையில் கைகூப்புதலே இல்லை! சொல் பழையது, உள்ளுறை புதியது. எனவே தமிழ் பேசும் பிறர் 'வணக்கம்' என்னும்போது முகமனைக் கருதுகின்றனர். ஹாஜியார் போன்றோர் செவியில் அது இபாதத்தாக விழுகிறது. இதில் எவர் பிழையும் இல்லை. ஒரே மொழிக்குள் வாழும் இரு வழக்குகளின் உரசல் இது.

சொல்லை விளக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. ஒருவர் தம் சகோதரரைச் சந்திக்கும்போது அவருக்காகக் குனியலாமா என்று கேட்கப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூடாது என்றும், கைகொடுக்கலாமா என்றபோது ஆம் என்றும் விடையளித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீயில் ஒரு நபிமொழி உண்டு. ஹாஜியாரின் தயக்கம் வெறும் பழைமைப் பிடிவாதம் அன்று; அதற்கு வேர் இருக்கிறது. இதை அறியாமல் 'இதெல்லாம் வெறும் மரியாதைதானே' என்று இளைஞர்கள் எளிதில் தள்ளிவிடுவது முறையாகாது.

பாயின் மேல் நடப்பது

இனி மாஸ்டரின் பக்கத்தைக் காண்போம். ஜப்பானியர் பயிற்சிக் கூடத்தை 'டோஜோ' என்பர். 'வழி பயிலும் இடம்' என்பது அதன் பொருள். பௌத்த சமயச் சூழலில் பிறந்த சொல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே செய்யப்படும் தலைகுனிவுக்கு 'ரெய்' என்று பெயர். குனிதல், மரியாதை, நடத்தை முறைமை ஆகிய மூன்றும் அதன் பொருள்கள். சீன மொழியில் 'லி' எனப்பட்டு, கன்பூசியஸின் அறநெறியில் நடுநாயகமாக விளங்கும் சொல்லும் இதுவே. தொடக்கத்தில் சடங்கு முறையைக் குறித்துப் பின்னர் மாந்தர் ஒழுகலாறு முழுவதையும் தழுவியது. நம் 'வணக்கம்' வளைவிலிருந்து வழிபாட்டுக்குச் சென்றது. அவர்களுடைய 'ரெய்' வழிபாட்டிலிருந்து ஒழுக்கத்துக்கு வந்தது. எதிரெதிர்த் திசையில் பயணம் செய்த இரு சொற்கள் நம் கல்லூரி மாலை வகுப்பில் வந்து மோதிக்கொண்டன என்று நகைச்சுவையாகச் சொல்லலாம்.

ஜூடோ கலையை வகுத்த கனோ ஜிகோரோ (1860–1938) கல்வியாளர். தோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகப் பணியாற்றியவர். 1882இல் தோக்கியோவில் ஒரு பௌத்த ஆலயத்தின் பகுதியில், பன்னிரண்டு பாய்கள் விரிக்கத்தக்க இடத்தில், கொடோகன் என்னும் தம் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். ஆற்றலை நல்வழியில் முழுமையாகப் பயன்படுத்துதல், தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுதல் என்னும் இரண்டையும் தம் கலையின் கொள்கைகளாக வைத்தார். ஒக்கினாவாவிலிருந்து 1922இல் தோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின் தம் மாணவர்க்கு இருபது நெறிகளை வகுத்தார். அவற்றுள் முதலாவது அடியைப் பற்றியதன்று, மரியாதையைப் பற்றியது.

ஏன் இந்த வலியுறுத்தல்? விடை பாயின் மேல் இருக்கிறது. ஜூடோவில் ஒருவன் முதலில் கற்பது பிறரை வீழ்த்துவதன்று, தான் வீழ்வது. எலும்பு முறியாமல், தலை தரையில் மோதாமல், கையால் பாயை அறைந்து விழும் முறையை வாரக்கணக்கில் பழகிய பின்னரே வீசக் கற்றுக்கொடுப்பர். பயிற்சியில் ஒருவன் வீசுவான், மற்றவன் வீசப்படுவான். பிறகு முறை மாறும். வீசப்படுபவன் தன் கழுத்தையும் முதுகெலும்பையும் தோழனின் கையில் அடைக்கலமாகக் கொடுக்கிறான். வீசுபவன் அவனுடைய கைச்சட்டையை இறுதிவரை விடாமல் பிடித்து, அவன் தலை தரையில் படாதவாறு சற்றே தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு கணத்துத் தூக்கலில்தான் மரியாதை என்பதன் முழுப்பொருளும் இருக்கிறது என்பது என் கருத்து. தொடக்கத்திலும் முடிவிலும் செய்யும் தலைகுனிவு அந்த அடைக்கலத்துக்கு எழுதும் பத்திரம் போன்றது. 'உன் உடல் என் பொறுப்பு' என்று ஒருவன் சொல்ல, மற்றவனும் அதையே சொல்கிறான்.

இன்னொரு வழக்கம், பிடியில் சிக்கியவன் தட்டுதல். கை முறுக்கப்பட்டோ கழுத்து நெரிக்கப்பட்டோ இனித் தாங்க முடியாது என்ற நிலையில், பாயின் மீதோ எதிரியின் உடல் மீதோ இரண்டு முறையாவது தட்டுவான். தட்டிய கணமே விட்டுவிட வேண்டும். ஒரு நொடி தாமதம் மூட்டு விலகக் காரணமாகலாம். அங்கே 'வென்றுவிட்டேன்' என்ற பெருமிதத்துக்கு ஒரு நொடியும் இடம் கிடையாது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் தட்டினாலும் கறுப்புக் கச்சை கட்டிய ஆசிரியர் விட்டுவிடுவார். சாதி, செல்வம், வயது ஆகிய எதுவும் இவ்விதியை மாற்றுவதில்லை. நம் சமூக வாழ்வில் எளியவன் எத்தனையோ முறை தட்டிக்கொண்டிருக்கிறான், நாம் விடுகிறோமா என்று நினைத்துப் பார்த்ததுண்டு. அது வேறு கட்டுரைக்கு உரியது.

சிறு விதிகளும் உள. ஜூடோப் போட்டி விதிகளின்படி கை, கால் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும். உடை துவைத்து உலர்ந்ததாய், கெட்ட வாடை இல்லாததாய் இருக்க வேண்டும். உலோக அணிகள் கூடா. நீண்ட கூந்தல் முடியப்பட வேண்டும். பிறர் உடலோடு தன் உடல் ஒட்டிப் போராடும் இடத்தில் தூய்மை என்பது தன் நலம் மட்டுமன்று, பிறர்க்குச் செய்யும் மரியாதை. உளூச் செய்து, நகம் களைந்து, தூய ஆடையுடன் தோளோடு தோள் ஒட்டி அணியில் நிற்கும் மரபில் வந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகவா கற்பிக்க வேண்டும்?

தலைகுனிவின் வடிவத்தையும் நோக்க வேண்டும். நின்று செய்யும் குனிவில் உடல் ஏறத்தாழ 30 பாகை முன்சாயும். கைகள் தொடையின் முன் இருக்கும். தொழுகையின் ருகூஃவில் கைகள் முழங்காலைப் பற்ற, முதுகு சமனாகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மண்டியிட்டுச் செய்யும் குனிவு வேறு. உள்ளங்கைகள் பாயில் படும். தலை பாயை நோக்கித் தாழும். நெற்றி பாயைத் தொடாது. நோக்கமும் வழிபாடு அன்று. எனினும் பார்ப்பவர்க்கு ஸஜ்தாவின் சாயல் தோன்றவே செய்கிறது. ஜப்பானின் கூடங்கள் பலவற்றில் ஷிண்டோ சமய மாடமும், ஜூடோக் கூடங்களில் கனோவின் படமும் உண்டு. அவற்றை நோக்கியும் குனிவர். தோழனுக்குச் செய்யும் மரியாதையையும் மாடத்துக்குச் செய்யும் குனிவையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது என்றே நினைக்கிறேன். முன்னதில் உடன்படிக்கை இருக்கிறது. பின்னதில் எதிர்நின்று உடன்படுவார் யாரும் இல்லை.

இவ்வையம் நமக்கு மட்டும் தோன்றியதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இளம் ஜூடோ வீரர் சிலர், பாய்க்கும் நிறுவனர் படத்துக்கும் குனிவது தம் நம்பிக்கைக்கு மாறு என்று வழக்குத் தொடுத்தனர். அவ்விதி சமய வேறுபாடு காட்டுவது ஆகாது என்று 2002இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அவ்வாறு சொல்லிவிட்டது. மனச்சான்றை நீதிமன்றத் தீர்ப்பால் சமாதானப்படுத்த முடியுமா என்பது வேறு கேள்வி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் வுஜ்தான் ஷஹர்கானி தலைமறைப்புடன் ஜூடோ ஆட விரும்பியபோது, நெரிக்கும் பிடிகளில் துணி ஆபத்தாகும் எனத் தயங்கிய ஜூடோ அமைப்பினர், பின்னர்ப் பேசித் தீர்த்து, தலையை ஒட்டி அமையும் ஒரு மறைப்பை ஏற்றுக்கொண்டனர். பேசினால் வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று.

வஸ்தாது எடுத்த சலாம் வரிசை

நம் மண்ணின் சிலம்பக் கூடத்துக்கு வருவோம். சிலம்பம், குஸ்தி கற்பிப்பவரை நம் பேச்சுவழக்கில் 'வஸ்தாது' என்கிறோம். 'உஸ்தாத்' என்பதன் திரிபு அது. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரும் உஸ்தாத், மணல் களத்தில் கம்பு சுழற்றக் கற்றுக்கொடுப்பவரும் அதே பெயர் கொண்டவர்! குஸ்தி பாரசீகச் சொல். பயில்வான் 'பஹ்லவான்' என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் உரு. இவற்றைப் பல சமயத்தாரும் வேறுபாடின்றி வழங்குகின்றனர்.

இவ்வரிசையில் மிக அழகியது 'சலாம் வரிசை'. கம்பெடுத்து ஆடத் தொடங்குமுன் ஆசானுக்கும் அவையோர்க்கும் எதிர் நிற்பவனுக்கும் மரியாதை காட்டிச் செய்யும் அடவு இது. சலாவரிசை என்றும் சொல்வர். ஊருக்கு ஊர் அடவு வேறுபடும், பெயர் மாறுவதில்லை. முஸ்லிம் அல்லாத ஆசான்களும் தம் மாணவரிடம் 'சலாம் வரிசை எடு' என்றே சொல்கின்றனர். வணக்கம் என்ற சொல் கராத்தேக் கூடத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரைத் தடுத்து நிறுத்துகிறது. சலாம் என்ற சொல்லோ சிலம்பக் கூடத்தில் எவரையும் தடுக்கவில்லை. தமிழன் அதைத் தன் கம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

'வரிசை' என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. குத்துவரிசை, சலாம் வரிசை என்னுமிடத்து அது அசைவுகளின் ஒழுங்கு. சங்க இலக்கியத்தில் ஒருவரது தகுதியறிந்து செய்யும் சிறப்பும் வரிசையே. மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர், கொடுப்பது எளிது, வரிசை அறிவதுதான் அரிது என்று அறிவுறுத்தி, புலவர் அனைவரையும் ஒன்றுபோல் பார்ப்பதைக் கைவிடச் சொன்ன பாடல் புறநானூற்றில் 121ஆம் பாட்டாக உள்ளது. வீரர் கூடிப் போர் பயின்ற அவையைக் குறிக்கும் 'போரவை' என்ற பழஞ்சொல்லும், ஆமூர் மல்லனோடு பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் பெயரில் இன்றும் வாழ்கிறது. ஆசான், மூத்த மாணவன், இளையோன், புதிதாய் வந்தவன் என்று அவரவர்க்குரிய வரிசை அறிந்து நிற்றல் நமக்கு இரவல் சரக்கன்று.

படைக்கலத்தைக் கையாளும் ஒழுக்கத்தை இஸ்லாமிய மரபு நுட்பமாகக் கற்பிக்கிறது. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு செல்பவர், எவரையும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள நபிமொழி. உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர்க்கொருவர் கைமாற்றுவதையும் பெருமானார் (ஸல்) தடுத்துள்ளார்கள். போரிடுவோர் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கவும் பணித்துள்ளார்கள். பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டிகளுடன் விளையாடியதையும், அண்ணலார் தம் மேலாடையால் மறைத்து நிற்க, ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ருகானா என்னும் மல்லரோடு அண்ணலாரே பொருது அவரை வீழ்த்திய செய்தி அபூதாவூது, திர்மிதீ நூல்களில் காணப்படுகிறது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், சினத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்னும் நபிமொழியையோ நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆற்றலை வெறுத்த மரபன்று இது. ஆற்றலுக்கு உறை செய்த மரபு.

தாழ்ந்த வாயில்

பயில்வானின் தாயகமாகிய ஈரானில் மரபு வழிப் பயிற்சிக் கூடத்துக்கு 'ஸூர்கானா' என்று பெயர். 'வலிமையின் வீடு' என்பது பொருள். இம்மரபை 2010இல் யுனெஸ்கோ மானுட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கூடத்தின் நடுவே எண்கோண வடிவில் பள்ளமான களம். ஒரு பக்கம் உயர்ந்த இருக்கையில் 'முர்ஷித்' அமர்ந்து பறை முழக்கி, மணியடித்து, பிர்தௌஸி, ஹாஃபிஸ் முதலியோர் பாடல்களை ஓதுவார். கர்லாக் கட்டைகளும், வில் வடிவ இரும்புச் சங்கிலியும், பெரும் மரப் பலகைகளும் அந்த ஓசைக்கேற்ப இயங்கும். எளியோர்க்கு உதவுவதும் இக்கூடத்தாரின் கடமைகளுள் ஒன்று.

நம் பொருளுக்கு இன்றியமையாதது அதன் வாயில். மரபான ஸூர்கானாவின் வாயில் தாழ்வாக அமைந்திருக்கும். அரசனாயினும் கூலியாளாயினும் தலை தாழ்த்தாமல் நுழைய முடியாது. களத்தில் இறங்குவோர் தரையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வர். இங்கே யார் யாருக்குக் குனிகிறார்கள்? எவருக்கும் இல்லை. வெளியே சுமந்து வந்த செருக்கை வாசலில் இறக்கிவைக்கிறார்கள், அவ்வளவே. முஸ்லிம் சமூகம் ஒன்று தன் பயிற்சிக் கூடத்துக்கு அமைத்துக்கொண்ட இவ்வாயிலைப் பற்றி ஹாஜியாரிடம் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

இம்மரபில் வளர்ந்தவர்தாம் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மல்லர் குலாம்ரஸா தக்தி (1930–1968). சோவியத் மல்லர் மெத்வேத் முழங்காலில் காயத்துடன் களமிறங்கியதை அறிந்து, ஆட்டம் முழுதும் அக்காலைத் தொடாமலே தக்தி பொருதார் என்று ஈரானியர் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வர்.

அதை நினைவூட்டும் நிகழ்ச்சி ஒன்று 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நடந்தது. ஜூடோவில் எடை வரம்பற்ற பிரிவின் இறுதி ஆட்டம். ஒருபுறம் ஜப்பானின் யமஷிதா. முந்தைய ஆட்டமொன்றில் வலக் கெண்டைக்கால் காயம்பட்டு நொண்டியபடி வந்தார். மறுபுறம் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த முஹம்மது ரஷ்வான். யமஷிதா அவரைத் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். எதிரியின் காயத்தைக் குறிவைத்து வெல்ல விரும்பவில்லை என்று ரஷ்வான் பின்னர்க் கூறினார். பரிசு மேடையில் ஏறத் தடுமாறிய யமஷிதாவுக்குக் கைகொடுத்து ஏற்றியவரும் அவரே. நேர்மையான ஆட்டத்துக்கான பன்னாட்டு விருது அவரைத் தேடி வந்தது. பகைவனுக்கு ஓர் இடர் வந்தபோது இரங்கி உதவுவதை வீரத்தின் கூர்மை என்று படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதற்கு இதைவிட நல்ல உரை கிடைப்பது அரிது. தங்கம் வென்றவர் பெயரோடு வெள்ளி பெற்றவர் பெயரும் சேர்ந்தே இன்றளவும் பேசப்படுகிறது.

அதே எகிப்து நாட்டின் வேறொரு ஜூடோ வீரர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரரிடம் தோற்றபின், அவர் நீட்டிய கையைப் பற்றாமல் விலகினார். நடுவர் திரும்ப அழைத்தபோது தலையை மட்டும் அசைத்துச் சென்றார். பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவரைக் கண்டித்தது. பலஸ்தீன மக்களின் துயரம் நம் நெஞ்சை வருத்துவதே. ஆயினும் பாயில் ஏறும் முன் மறுப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஏறிப் பொருது வீழ்ந்த பின் மறுப்பது அந்த உடன்படிக்கையைப் பாதியில் கிழிப்பதாகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதில் என்னோடு மாறுபடும் நண்பர்கள் துறையிலேயே உண்டு.

மரியாதை தலையின் சாய்வில் மட்டும் இல்லை என்பதை மேலும் ஒரு காட்சி காட்டும். 1964இல் தோக்கியோவில் ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்க், ஜப்பானியரின் சொந்த மண்ணிலேயே கமினாகாவை வென்றார். அவர் நாட்டு ரசிகர்கள் ஆரவாரத்துடன் பாயை நோக்கி ஓடிவந்தனர். இன்னும் எழக்கூட இல்லாத கேசிங்க், கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். வீழ்ந்தவன் பாயில் இருக்கும்போது அங்கே கொண்டாட்டம் கூடாது. அந்தக் கையுயர்த்தலில் குனிவு ஏதும் இல்லை. ஜப்பானியர் அதை மறக்கவும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் பேசி முடிக்கவில்லை. ஹாஜியாரும் மாஸ்டரும் மூன்று முறை துறைக்கு வந்தனர். படத்தை நோக்கிக் குனியும் வேளையில் விரும்பாதவர் நிமிர்ந்து அமைதியாக நிற்கலாம் என்று மாஸ்டர் இசைந்தார். அதைச் சொல்வதற்கு அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அவருடைய ஆசிரியர் மாட்டிக் கொடுத்த படம் அது. தோழனோடு பொருதுமுன் வலக் கையை நெஞ்சில் வைத்துக் கண்ணோடு கண் நோக்கி, பின் கைகொடுத்தல் என்று முடிவாயிற்று. மலாய் நாட்டுச் சிலாட் பயில்வோரிடத்தும் கைதொட்டு நெஞ்சில் வைக்கும் முறை உண்டென்று சொன்னேன். "குனிவு எப்படியும் இருக்கட்டும், தட்டினால் விடுவானா?" என்பது மட்டுமே மாஸ்டர் வற்புறுத்திய நிபந்தனை. ஹாஜியார் உள்ளூர் ஆலிம் ஒருவரிடமும் கலந்துகொண்டார். அதன் பிறகே பேரன் மீண்டும் வகுப்புக்குப் போனான்.

இரண்டு வாரம் கழித்து ஹாஜியார் தாமே பயிற்சியைக் காண வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் அமர்ந்தார். பேரன் நெஞ்சில் கைவைத்ததையும், எதிர் நின்ற மாணவன் தன் முறைப்படி குனிந்ததையும், பின்னர் இருவரும் கைகொடுத்துக்கொண்டதையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இளமையில் தாமும் ஒரு வஸ்தாதிடம் கம்பு பழகியதாக அப்போதுதான் என் காதோடு சொன்னார். திடீரென்று எழுந்து பாயின் விளிம்புவரை சென்று பேரனைக் கைகாட்டி அழைத்தார். அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் திரும்பி, "மாஸ்டர், எங்கள் வஸ்தாதாக இருந்தால் இந்த நகத்தோடு களத்துக்குள் விட்டிருக்க மாட்டார்" என்றார். மாஸ்டர் சிரித்தார். பையன் நகவெட்டி தேடி விடுதிப் பக்கம் ஓடினான்.